சோப்பு பட்டா மஞ்சள் சிவக்கும்

ஐயையோ, தேய்க்காதீங்கண்ணே! கையை எடுங்க. எடுங்கன்னு சொல்றேன்ல. கர்ச்சீப்பை வச்சு அப்படியே ஒத்துங்க. ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. தேய்ச்சீங்கன்னா டீ நூலுக்குள்ள போய்க் குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிரும், அப்புறம் நீங்க காலி பண்ணச் சொன்னாலும் பண்ணாது. இந்தாங்க, எங்கிட்ட தண்ணி பாட்டில் இருக்கு. பச்சத் தண்ணிதான். சுடுதண்ணி ஆகாது. பால் டீ மேல சுடுதண்ணிய ஊத்துனா பால் வெந்து ஒட்டிக்கிரும். ஆங், அப்படித்தான். போகுதா? போகும். ராத்திரி சோப்புத் தண்ணியில ஊறப் போட்டீங்கன்னா, காலையில உங்க சட்டைக்கே ஞாபகம் இருக்காது.

ஏண்ணே, கிளம்புற பஸ்ஸுல, அதுவும் இந்த டிரைவர் ஓட்டுற பஸ்ஸுல, மூடி இல்லாத கப்புல டீ வாங்கிட்டு ஏறுனீங்க பாருங்க, உங்க தைரியம் ராணுவத்துல கூட இருக்காது.

நீங்க எதுவரைக்கும்? பழனியா? சரி சரி. நான் ஒட்டன்சத்திரம். இன்னும் ரெட்டியார்சத்திரமே வரல.

பையிலயா? சொன்னா சிரிப்பீங்க. ஒரு வெள்ளச் சட்டை, ஒரு பாக்கெட்டு மஞ்சத்தூளு, ஒரு கட்டி சோப்பு. அவ்வளவுதான். ஒட்டன்சத்திரத்துல ஒரு வீட்டு வாசல்ல உக்காந்து இந்தச் சட்டையில மஞ்சளக் கொட்டி, சோப்பு போட்டு, துவைச்சுக் காட்டப் போறேன். பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. எங்க அக்கா கல்யாணமே இதுலதாண்ணே தொங்கிட்டு இருக்கு.

எம் பேரு வேலவன். திண்டுக்கல்லுல வீடு. பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சேர்ந்தேன். ரெண்டாவது வருசத்துல, படிப்பை நான் விட்டேனா படிப்பு என்னைய விட்டுச்சான்னு ஒரு தகராறு, இன்னும் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு. அந்த நேரம் பாத்து எங்கம்மாவுக்கு மணிக்கட்டுல வலி வந்துருச்சு. டாக்டரு துணி பிழியக் கூடாதுன்னுட்டாரு. வீட்டுல ஒரு ஆளு கை சும்மா இருக்கு, ஒரு ஆளு கை வலிக்குது. எங்கம்மா கணக்கு வாத்தியார் மக. உடனே வாளிய எங்கிட்ட தள்ளிட்டாங்க.

சும்மா வீட்டுத் துணின்னு நினைக்காதீங்க. எங்கப்பா குருவையா, கல்யாணப் பந்தியில பரிமாறுற ஆளுகளுக்கு மேஸ்திரி. சமையல் காண்ட்ராக்டரு ஒருத்தர்கிட்ட வேலை. பரிமாறுற ஆளு வெள்ளச் சட்டைதான் போடணும்னு எவன் சட்டம் போட்டானோ, அவன் எங்கயாச்சும் கையில கிடைச்சான்னா சொல்லுங்க. சாம்பாரு, ரசம், கேசரி, நெய்யி, வாழ எலச் சாறு, இத்தனைக்கு நடுவுல ஒரு மனுசன வெள்ளச் சட்டையோட அனுப்புறது, மாட்டுச் சந்தைக்குக் கல்யாணப் பட்டு கட்டிட்டுப் போற மாதிரி. தை மாசம் வந்தா எங்கப்பா சட்டையப் பாத்தே அன்னைக்கு என்ன மெனுன்னு சொல்லிருவேன். வயித்துக்கிட்ட பச்சடி, கையில பாயாசம், தோள்ல யாரோ சாஞ்சு அழுத கண்மை.

ஆரம்பத்துல நானும் மூட்டையக் கட்டி எல்லாத்தையும் ஒண்ணா மிசின்ல திணிச்சவன்தாண்ணே. எங்க அக்கா புதுசா ஒரு சின்னாளபட்டி சுங்குடிச் சேலை எடுத்துச்சு, அரக்குக் கலரு. அதைய அப்பா வேட்டி கூட போட்டுட்டேன். மறுநாள் எங்கப்பா ரோஸ் கலரு வேட்டியில முகூர்த்தத்துக்குப் போனாரு. திட்டலண்ணே. எங்கப்பாவுக்குத் திட்டத் தெரியாது. "பரவால்லடா, பொண்ணு வீட்டுக்காரங்க இது என்ன புது யூனிபாரமான்னு கேட்டாங்க"ன்னு சிரிச்சாரு. எனக்குத்தான் மானம் போச்சு. அன்னையிலிருந்து உக்காந்து படிச்சேன். பாலிடெக்னிக்ல படிக்காததையெல்லாம் அங்க படிச்சேன். போன்ல பாத்தேன், சலவைக் கடையில நின்னு பாத்தேன், பழந்துணியில போட்டுப் பாத்தேன்.

இப்ப கேளுங்க. புதுச் சாயத் துணியா? முதல் தடவை கல்லுப்பு போட்ட தண்ணியில தனியா. நெய்க்கறையா? தண்ணிய காட்டவே கூடாது, முதல்ல முகப் பவுடரைக் கொட்டி வச்சிரணும், அது நெய்ய இழுத்துக்கிரும். காலர்ல அழுக்கா? ஷாம்பு. தலைக்குப் போடுறது கழுத்துக்கு ஆகாதா என்ன? மழைக்காலத்துல துணி நாறுதா? சோப்புப் பவுடரை அதிகமாப் போடாதீங்க, கம்மி பண்ணுங்க. அலசாம நிக்கிற பவுடர்தான் பாதி நாத்தம். நம்ம ஊரு போர் தண்ணியில நுரை வராது, வரலைன்னு மேல மேல போடுவாங்க, துணி பப்படம் மாதிரி விறைச்சுக்கிரும். வாழக்கறை மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க. அதுக்கும் எனக்கும் பகை. அது போகாது.

எங்க காம்பவுண்டுல ஆறு குடித்தனம், மேல ஒரே மொட்டை மாடி. எல்லாரு துணியும் அங்கதான் காயும். ரோஸ்லின் அக்கான்னு பக்கத்து வீடு, அவங்க வீட்டுக்காரரு வெத்தலை போடுறவரு. அந்தச் சட்டைய நான் எலுமிச்சம்பழம் போட்டு எடுத்துக் குடுத்தேன் பாருங்க, அந்தக்கா என்னைய "டாக்டரே"ன்னு கூப்பிட ஆரம்பிச்சிருச்சு. எங்கம்மாவுக்கு வயித்தெரிச்சல். "பெத்தவ டிப்ளமாவாச்சும் வாங்குவான்னு பாத்தா, அடுத்தவ டாக்டர் பட்டமே குடுத்துட்டா"ன்னாங்க.

இனிதாண்ணே விசயம்.

எங்க அக்கா பேரு மங்கை. மங்கையர்க்கரசி. லேப்ல வேலை, ரத்தம் எடுக்கிற வேலை. நான் எடுக்கச் சொல்லாமலே எங்கிட்டயும் எடுப்பா, வாயால. அவளுக்கு மூணு நாலு இடம் வந்து வந்து போச்சு. ஒருத்தன் கலருன்னான், ஒருத்தன் அப்பா பந்தியில நிக்கிறாரேன்னான். அவ எதுக்கும் அழுகல, ஊசியக் கொஞ்சம் அழுத்தமா குத்தியிருப்பா, அவ்வளவுதான். இந்த ஒட்டன்சத்திரத்துப் பையன் வந்தாரு. சிவபாலன், லேத்துப் பட்டறை வச்சிருக்காரு. பாக்க வந்த அன்னைக்கு இவகிட்ட தனியா பேசணும்னு மாடிக்குப் போனாங்க. போயிட்டு வந்து அன்னைக்கு ராத்திரி எங்க அக்கா பாத்திரம் கழுவுறப்ப பாட்டு முனகுறாண்ணே! எங்கம்மா என்னையப் பாத்து உதட்டுல விரல வச்சாங்க. சத்தம் போட்டா பறந்துருங்கிற மாதிரி.

சரி. பாத்து, பிடிச்சு, அடுத்தது விசாரிக்கிறது. உங்க பக்கமும் உண்டுல்ல? நேரா வந்து கேக்க மாட்டாங்க. டீக்கடையில கேப்பாங்க, ரேசன் கடையில கேப்பாங்க. வீடு வாடகைக்குப் பாக்கிற மாதிரி காம்பவுண்டுக்குள்ளயே வந்துருவாங்க. எல்லாருக்கும் தெரியும். வர்றவனுக்கும் தெரியும் நமக்குத் தெரியும்னு. எங்கம்மா காம்பவுண்டு முழுக்க வடை குடுத்து, "யாராவது வந்து கேட்டா"ன்னு சொல்லி வச்சிட்டாங்க. எனக்கு வடை குடுக்கல. "நீ எதுவும் நல்லதா சொல்ல வேணாம். வாயைத் தொறக்காம இரு, அதுவே நல்லது"ன்னாங்க. பெத்த பிள்ளைகிட்ட பேசுற பேச்சாண்ணே இது?

விசாரிக்க ஆளு வந்ததுக்கு முந்தின நாள் ராத்திரி அப்பாவுக்கு ரிசப்சன் வேலை. ஒரு பையன் சாம்பார் வாளியோட வழுக்கிட்டான். வாளி அவ்வளவும் எங்கப்பா நெஞ்சுல. நெஞ்சுன்னா காலர்லருந்து கடைசிப் பொத்தான் வரைக்கும். நான் காலையில அந்தச் சட்டையப் பாத்ததும் எனக்குக் குஷி ஆயிருச்சு. உண்மையச் சொன்னா, எனக்குக் கறையப் பாத்தா கிரிக்கெட் பாக்கிறவனுக்கு ஃபைனல் வந்த மாதிரி.

சாம்பார்ல என்ன இருக்கு? மஞ்சள். மஞ்சள்ல சோப்பு பட்டா என்ன ஆகும்? சிவக்கும்ணே. செக்கச் செவேல்னு ஆகும். காரம் பட்டா சிவக்கிறது அதோட குணம். ஆரத்தித் தண்ணி எப்படிச் சிவப்பாகுது? மஞ்சள்ல சுண்ணாம்பு கலந்துதான. அதே கதைதான். தெரியாதவங்க பயந்து போய் மறுபடி மறுபடி தேய்ப்பாங்க. நான் தேய்க்க மாட்டேன். கட்டி சோப்பை நல்லா போட்டு, அலசாம, அந்தச் சிவப்போடயே நல்ல வெயில்ல விரிச்சிருவேன். மஞ்சளுக்கு எமன் வெயிலுதான். சாயங்காலத்துக்குள்ள தானா வெளுத்துரும். அப்புறம் ஒரு அலசு. முடிஞ்சது. இது சாதாரண வேலை இல்லைண்ணே.

விரிச்சிட்டு நிக்கிறேன். ஒருத்தர் மேல ஏறி வர்றாரு. நல்ல மீசை, கக்கத்துல ஒரு பை.

"தம்பி, இங்க வீடு எதுவும் காலியா இருக்கா?"ன்னாரு.

எனக்கு உடனே தெரிஞ்சு போச்சு, விசாரிக்க வந்த ஆளுன்னு. பின்ன என்னண்ணே, வீடு பாக்கிறவன் கீழ பூட்டின கதவைப் பாப்பான், மொட்டை மாடிக்கு வந்து கொடியில தொங்குற பாவாடைய எண்ணுவானா?

"இப்ப இல்லைங்க, சீக்கிரம் ஆயிரும்"னேன்.

அவரு சட்டையப் பாக்கிறாரு. நெஞ்சு முழுக்கச் சிவப்பு. சொட்டுச் சொட்டா கீழ வேற ஒழுகுது.

"என்ன தம்பி, ரத்தமா?"

இப்ப நீங்களே சொல்லுங்க. ஒரு மனுசன் இப்படி ஒரு கேள்வி கேட்டா, "இல்லைங்க, சாம்பாரு"ன்னு சொல்ல மனசு வருமா? கைக்கு வந்த லட்டை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா?

"ஆமாங்க. எங்கப்பா சட்டை. அவரு கொஞ்சம் கோவக்காரரு"ன்னேன்.

"யாரு, குருவையாவா?"ன்னு கேட்டாரு. பேரு வேற தெரிஞ்சிருக்கு, பாருங்க.

"அவரேதான். பகல்ல பந்தி பரிமாறுவாரு. ராத்திரி எங்க போறாருன்னு நாங்க கேக்கிறதில்ல. காலையில சட்டையக் குடுப்பாரு, நான் அலசிருவேன். தடயம் இருக்கக் கூடாதுல்ல."

"போலீசு?"

"வருவாங்க. பாவம், சாப்பிட்டுட்டுப் போயிருவாங்க."

"அந்தப் பொண்ணு... மங்கையர்க்கரசி?"

"அக்காவா? அக்காதான் அப்பாவுக்கே யோசனை சொல்லுறது. ரத்தத்துக்குப் பழகின கை."

அந்த மனுசன் படியில இறங்குன வேகம் இருக்கே, தன்னோடதுன்னு நினைச்சு ரோஸ்லின் அக்கா வீட்டுக்காரரோட செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாரு. அவரோட சொந்தச் செருப்பு இன்னும் எங்க வாசல்லதான் கிடக்கு. நல்ல செருப்பு. எனக்குத்தான் சேரல.

அவரு மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாம்.

ரெண்டே நாள்ல தரகர் போன் பண்ணி, "அவங்களுக்குத் தோது இல்லையாம், குடும்பம் சரியில்லைங்கிறாங்க"ன்னுட்டாரு. எங்கப்பா அந்தப் போனை வச்சிட்டு, யாருக்கு என்ன குறை வச்சோம்னு எங்களையே கேட்டாரு. எங்கப்பாண்ணே! எலையில கொசு விழுந்தா கொசுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு எடுப்பாரு. என்ன ஏதுன்னு ரோஸ்லின் அக்கா அந்த மாறிப்போன செருப்புல ஆரம்பிச்சு துப்பு துலக்குனாங்க. கடைசியில மாடிக்கு வந்து நின்னுச்சு. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாக்கிறாங்க.

நான் என்ன பண்ணேன்? சட்டைய வெயில்ல விரிச்சேன். அது குத்தமா? உருப்படியா ஒரு சோப்பு, மஞ்சளச் சிவப்பாக்காத சோப்பு, எவனாவது கண்டுபிடிச்சிருந்தா இது நடந்திருக்குமா?

அப்பா அந்தச் சட்டைய எடுத்துக்கிட்டு ஒட்டன்சத்திரம் போனாரு. "இதுதாங்க அந்தச் சட்டை, இது வெறும் சாம்பாருங்க"ன்னு விரிச்சுக் காட்டியிருக்காரு. சட்டை எப்படி இருக்கு? பால் மாதிரி. ஒரு பொட்டு இல்ல. நான் துவைச்ச சட்டைண்ணே! மாப்பிள்ளையோட அம்மா அதை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு என்ன சொன்னாங்களாம் தெரியுமா? "அவ்வளவு ரத்தமும் போன இடம் தெரியல பாருங்க. பல வருசப் பழக்கம் இல்லாம இந்தச் சுத்தம் வராது"ன்னாங்களாம்.

வருத்தம்தான். ஆனா ஒரு துவைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா, சொல்லுங்க? இதை நான் வீட்டுல சொன்னேன். எங்கம்மா கரண்டிய எடுத்துட்டாங்க.

மங்கை திட்டக்கூட இல்ல. அதுதாண்ணே. திட்டியிருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன். அவ பாட்டுக்கு வேலைக்குப் போறா, வர்றா. பாட்டு நின்னு போச்சு. ஒரு நாள் காலையில அழுக்குக் கூடையத் தொறக்கிறேன், அவ துணிய மட்டும் காணோம். பாத்ரூம்ல தனி பக்கெட்டு, தனி சோப்பு. வேலைக்குப் போயிட்டு வந்து அலுப்போட உக்காந்து அவளே துவைக்கிறா. அதுவும் எப்படி? லேப்புல போடுற வெள்ளைக் கோட்டைக் கலர்த் துணி கூட ஊறப் போட்டிருக்கா! நான் வாசல்ல நின்னு பாக்கிறேன். நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. சொல்லல. எனக்கும் ரோசம் இருக்குல்ல. அப்புறம் அவ தூங்கின பெறகு... சரி அதை விடுங்க. அந்தக் கோட்டை எடுத்துச் சரி பண்ணி மறுபடி அவ பக்கெட்டுலயே போட்டு வச்சேன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதையும் தூக்கிப் போட்டிருப்பா.

அதான் முடிவு பண்ணிட்டேன். நேரா அந்த அம்மா முன்னாடி போய் உக்காரப் போறேன். இந்தா சட்டை, இந்தா மஞ்சள், இந்தா சோப்பு. பாத்துக்கங்க சிவக்குது. விரிக்கிறேன், பாத்துக்கங்க வெளுக்குது. விஞ்ஞானம்ணே! இதுக்கு மேல எவன் என்ன பேசுவான்? அப்படியே ரெண்டு வார்த்தை கலகலப்பா பேசி, அந்த மாமாவையும் சிரிக்க வச்சு...

என்னண்ணே? வாயாலயா? வாயால என்ன கெட்டுச்சு? நீங்களும் எங்கம்மா மாதிரியே பேசுறீங்களே. ரத்தமான்னு கேட்டது அவரு. நான் ஆமான்னு மட்டும்தான் சொன்னேன். விருந்தாளிய மறுத்துப் பேசக் கூடாதுன்னுதான் எங்களை வளத்திருக்காங்க.

இருங்கண்ணே, போன். ஐயோ, அக்கா! அவளா கூப்பிடுறா!

சொல்லுக்கா. ம். ம். நானா? மாடியில. துணி காயப் போட்டுட்டு இருக்கேன். ஹாரனா? அது கீழ ரோட்டுல. சொல்லு. ...என்ன? யாரு? எப்ப? ...நிசமாவா? ...எந்த மண்டபத்துல? ...ஐயோ அப்பாவுக்குத் தெரியுமா? ...அப்புறம்? ...சரி. ...சரி. ...ஏன், நான் என்ன பண்ணேன்? ...சரிக்கா. இல்லக்கா, எங்கயும் போகல. சத்தியமா மாடியிலதான் இருக்கேன். அழுகிறியா? சரி சரி, வை.

அண்ணே. கொஞ்சம் அந்தத் தண்ணி பாட்டிலக் குடுங்க.

இவ சும்மா இருக்கலண்ணே. மாப்பிள்ளைக்கு இவளே போன் போட்டு எல்லாத்தையும் சொல்லியிருக்கா. எல்லாத்தையும்னா, என்னையப் பத்தியும். அவரு மிசினை நிப்பாட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாராம். சிரிச்சுட்டு, அவங்க அம்மாகிட்ட, "நீங்க ஆளு விட்டு விசாரிச்சது போதும், நீங்களே போய்ப் பாருங்க"ன்னு சொல்லிட்டாரு. அந்த அம்மா இன்னைக்குக் காலையில திண்டுக்கல் வந்து, எங்கப்பா பரிமாறுற மண்டபத்துக்கே போயிருச்சு! பொண்ணு யாரு மாப்பிள்ளை யாருன்னு தெரியாது, மொய்யும் கிடையாது, நேரா பந்தியில போய் உக்காந்துருச்சு. முந்தானைய இழுத்து மூஞ்சிய மறைச்சுக்கிட்டாம். எப்பேர்ப்பட்ட பொம்பளை பாருங்க.

அந்த எலைக்கு எங்கப்பாவே பாயாசம் கொண்டாந்திருக்காரு. பக்கத்துல ஒரு சின்னப் புள்ள அவரு கையத் தட்டி விட்டுருச்சு, கரண்டிப் பாயாசம் முழுக்க எங்கப்பா சட்டையில. எங்கப்பா என்ன பண்ணியிருப்பாரு? புள்ளை பயந்துருச்சேன்னு, "மாமாவுக்குப் பசிச்சது, உனக்குத் தெரிஞ்சிருச்சே"ன்னு அந்தப் பிள்ளைய சிரிக்க வச்சிட்டு, அந்த ஈரச் சட்டையோடயே, "அம்மா, உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"ன்னு கேட்டாராம். அந்த அம்மா முந்தானைய எடுத்துட்டு, "சம்பந்தி, போதும்"னு சொல்லுச்சாம்.

சம்பந்தின்னு சொல்லிருச்சுண்ணே.

எங்கப்பா கையில இருந்த வாளி அப்படியே எலை மேல. இந்தத் தடவை அந்த அம்மா சேலை. பட்டுச் சேலையாம். பட்டுக்குத் தண்ணி காட்டக் கூடாது, யாராவது சொன்னாங்களோ என்னமோ. நான் அங்க இருந்திருக்கணும்.

கல்யாணம் முடிவாயிருச்சு. ஒரே ஒரு கண்டிசன் போட்டுச்சாம். தாலி ஏறுற வரைக்கும் பொண்ணோட தம்பி ஒட்டன்சத்திரம் பக்கம் வரக் கூடாதாம். அக்கா அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுகிறா. "வேலா, உன்னைய கையெடுத்துக் கும்பிடுறேன், வந்துராதடா"ங்கிறா. சந்தோசத்துல அழுகிறாளா, பயத்துல அழுகிறாளான்னு தெரியல. எத்தனை நாளைக்கப்புறம் எம் பேரைச் சொல்லிக் கூப்பிடுறா.

அநியாயமா இல்லையாண்ணே? மஞ்சள் செஞ்ச வேலைக்கு எனக்குத் தண்டனை.

அந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. தெரியுதா, மருந்துக்கடைய ஒட்டி ஒரு பச்ச ஷட்டரு? அதுதான் மாப்பிள்ளை பட்டறை. வெளிய நிக்கிறாரு பாருங்க, மீசையோட, அதே மாமாதாண்ணே! வெயிலு எப்படி சுள்ளுன்னு அடிக்குது. இந்த வெயிலுக்குச் சட்டைய விரிச்சா சாயங்காலம் வரைக்கும்கூட ஆகாது. ரெண்டே வார்த்தை. போய் ரெண்டே வார்த்தை பேசிட்டு...

என்ன கண்டக்டரண்ணே? ஆமா, நான் ஒட்டன்சத்திரத்துக்குத்தான் எடுத்தேன். இங்கருந்து பழனிக்கு ஒண்ணு குடுங்க. இல்ல, தூங்கல, முழிச்சுத்தான் இருக்கேன். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

இறங்க ஆள் இல்லைண்ணே. விசில் குடுங்க.